விபீஷணனுக்கு எந்தக் கட்டம்?

"மாமா, நீங்க ராட்சசன எடுத்துக்கங்க" என்று ஒரு தாளை நீட்டினான் அக்கா மகன்.

இராமநாதபுரம் கேணிக்கரைப் பக்கம் அக்கா வீடு. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு சித்திரை ஞாயிறு. சென்னையில் பொறியியல் படிக்கிறவன், விடுமுறைக்கு வரும்போது இரண்டு நண்பர்களையும் ஒரு சுருக்குப்பை நிறையப் பகடைகளையும் கொண்டுவந்திருந்தான். நாலு பக்கம், எட்டுப் பக்கம், பன்னிரண்டு பக்கம், இருபது பக்கம். தாயக்கட்டையும் சோழியும் மட்டுமே உருட்டிய கைக்கு அவை பகடையாகவே தெரியவில்லை; வளையல் கடையில் சிந்திய கல் மாதிரி பாயில் கிடந்தன. ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்கள், செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். பலகை, காய், ஜெயித்தவன், தோற்றவன் எதுவும் கட்டாயமில்லை.

கதை சொல்கிறவன் எங்கள் ஊர்க்காரன் ஆயிற்றே. அவன் கட்டிய கதையில் ஒரு தீவு, தீவில் ஒரு கோட்டை, நடுவே கடல், இக்கரையில் கடக்க வழி தெரியாமல் நிற்கும் இரண்டு வீரர்கள். கோட்டைத் தலைவனின் தம்பி நான். என் தாளில் உயரம், பலம், அறிவு, பை நிறையச் சாமான்கள் எல்லாம் எழுதி, மேலே வலது மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் 'லாஃபுல் ஈவில்' என்று போட்டிருந்தது. ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவன். நான் கடலைத் தாண்டி வந்து அந்த இரண்டு பேரிடம், "எங்கண்ணன் பண்றது சரியில்ல, உங்களோட சேந்துக்கறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆட்டம் நகரவில்லை.

ஒருவன் எடுத்திருந்தது பலடின் என்ற புனித வீரன். தீமையோடு கூட்டுச் சேர்ந்தால் அவன் விரதம் முறியும், சக்தி போய்விடும். "புத்தகத்துல ராட்சசன்னா ஈவில்னு இருக்கு. இவன் நல்லவனா நடிக்கிறான். நடிக்கிறதுதான் இவன் வேலையே" என்றான். சேர்த்துக்கொண்டால் கோட்டையின் ரகசிய வழி தெரியும் என்றான் மற்றவன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதே பேச்சு, ஏறக்குறைய இதே சொற்களில், இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு தடவை நடந்து முடிந்ததாகத்தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில், நீர் சூழ்ந்த மணல்திட்டில் நிற்கிறது கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் தனுஷ்கோடியைத் துடைத்துப்போட்டது. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் எல்லாம் போயின. இந்தக் கோயில் நின்றது. உள்ளே ராமன், சீதை, இலக்குவன், அனுமனோடு விபீஷணனும் வணங்கியபடி இருக்கிறான். அவன் அடைக்கலம் புகுந்ததும், இலங்கைக்கு அரசன் என்று பட்டம் கட்டப்பட்டதும் இங்கே என்பது ஐதீகம். இல்லை, சரணாகதி எங்கள் ஊரில்தான் என்று திருப்புல்லாணிக்காரர்கள் சொல்வார்கள். தர்ப்பைப் புல்லில் படுத்து ராமன் கடலரசனிடம் வழி கேட்ட தலம் அது. வைணவர்களுக்கு அடைக்கலம் என்ற சொல்லுக்கே அந்த மண்தான் சாட்சி. வேதாந்த தேசிகர் விபீஷண சரணாகதியை மட்டும் எடுத்துக்கொண்டு 'அபயப்ரதான சாரம்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். இரண்டு ஊர் ஒரு கட்சிமாறியைச் சொந்தம் கொண்டாடுவது வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

இந்த ஆட்டத்தில் ராட்சசன் எப்படி வந்தான் என்பது தனிக் கதை. ஆட்டத்துக்காக 1977-ல் வெளியான பூதங்களின் கையேட்டில் அவன் இருக்கிறான்: புலித்தலை, சொகுசு அங்கி, கையில் புகைக்குழாய். எதிரே நிற்பவனுக்கு யாரைப் பிடிக்குமோ அந்த உருவத்தில் வந்து ஏமாற்றுவான். அவன் அங்கே போய்ச் சேர்ந்தது வால்மீகி வழியாக அல்ல. 'கோல்சாக்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1974-ல் காட்டிய ஒரு கதை வழியாக என்பார்கள். அப்போதே அவன் பெயருக்குப் பக்கத்தில் 'லாஃபுல் ஈவில்' என்று அச்சாகிவிட்டது. ஒருவனுக்கல்ல, இனத்துக்கே. விபீஷணன் என்று ஒருத்தன் அந்த இனத்தில் பிறந்திருந்தான் என்ற சேதி ஆட்டம் வெளியான அமெரிக்காவின் விஸ்கான்சின் வரை போய்ச் சேரவில்லை. பிறப்பாலேயே தீய இனங்கள் என்ற எண்ணத்தைத் திருத்திக்கொள்ளப் போவதாக ஆட்டத்தை வெளியிடும் நிறுவனம் அறிவித்தது 2020-ல்.

தாளின் மூலையில் இருந்த அந்தக் கட்டத்துக்கு முதலில் இத்தனை வகை இல்லை. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஆட்டத்தை வெளியிட்டபோது மூன்றே பக்கம்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். பவுல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் நாவல்களிலிருந்து எடுத்தது. அது குணத்தைச் சொல்லவில்லை, எந்தப் படை என்பதை மட்டும் சொன்னது. பிறகு நன்மை, தீமை என்று இன்னொரு கோட்டைக் குறுக்கே போட்டார்கள். 1978 புத்தகத்தில் மூன்றுக்கு மூன்று ஒன்பது கட்டமாயிற்று. 2008-ல் ஐந்தாகக் குறைத்து, 2014-ல் மறுபடி ஒன்பதுக்கே வந்தார்கள். எந்தப் படை என்று கேட்டுக்கொண்டிருந்த கட்டம் எப்படிப்பட்டவன் என்று கேட்கத் தொடங்கிய இடத்தில்தான் சிக்கல் ஆரம்பித்தது என்று எனக்குப் படுகிறது. விபீஷணன் எந்தப் படை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எப்படிப்பட்டவன் என்பதில்தான் இத்தனை நூற்றாண்டுச் சண்டை.

வால்மீகியில் அந்தக் கடற்கரை விசாரணையைப் படித்துப் பாருங்கள். வேண்டவே வேண்டாம் என்று முதலில் குதிக்கிறவன் சுக்கிரீவன். அண்ணனை விட்டு வந்தவன் நம்மை விடமாட்டானா என்கிறான். சொல்கிறவன் யார்? அண்ணனை ராமன் அம்பால் கொல்லவைத்து அரியணை ஏறியவன். கவிஞர் இதைச் சுட்டிக்காட்டவில்லை; அவன் வாயில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறார். சேர்க்கலாம் என்று சொல்லும் அனுமனும் விபீஷணனைச் சொக்கத்தங்கம் என்று விற்கவில்லை. வாலி செத்ததும் சுக்கிரீவனுக்குப் பட்டம் கிடைத்ததும் கேள்விப்பட்டு, தனக்கும் ராஜ்யம் கிடைக்கும் என்ற ஆசையில் வந்திருக்கிறான், அதனால் சேர்த்துக்கொள்வது சரி என்கிறான். ஆசையும் இருக்கிறது, அறமும் இருக்கிறது, இரண்டும் ஒரே படகில் வந்திறங்கியிருக்கின்றன, இறக்கிவிடுவோம் என்பதுபோல் ஒரு பேச்சு. ராமன் முடிவாகச் சொல்வது அதைவிட விநோதம். வந்தவன் விபீஷணனாக இருந்தாலும் சரி, இராவணனே வந்தாலும் சரி, அபயம் உண்டு. அதாவது வந்தவனின் கட்டத்தை அவன் பார்க்கவே இல்லை. கேட்டவனுக்குக் கொடுப்பது தன் விரதம், அவ்வளவுதான். பிறகு இலக்குவன் கடல்நீரைக் கொண்டுவந்து அந்தக் கரையிலேயே அபிஷேகம் செய்கிறான். போர் தொடங்குவதற்கு முன்பே பட்டம். இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பலடினிடம் இதைச் சொன்னேன். "அப்ப ராமர் நியூட்ரலா?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

பழைய விதிப்புத்தகத்தில் இரண்டு விதிகளை மருமகன் காட்டினான். இப்போது யாரும் கடைப்பிடிப்பதில்லையாம். ஒன்று, கட்டம் மாறினால் தண்டனை உண்டு. சேர்த்துவைத்த அனுபவத்தில் ஒரு படி இறங்கிவிடும். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கட்டத்தாருக்கும் தனி மொழி உண்டு. நல்லவர்கள் நல்லவர்களோடு பேச ஒன்று, தீயவர்களுக்கு ஒன்று. கட்டம் மாறினவனுக்குப் பழைய கட்டத்தின் மொழி மறந்துபோகும்.

விபீஷணனுக்கு மறக்கவில்லை. கம்பனில் அவன் இந்திரசித்துக்கு எதிரே நிற்கிறான். நிகும்பலையில் நடக்கும் வேள்வியின் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்ததே அவன். அண்ணன் மகனின் சாவுக்கு வழிகாட்டியவன். இந்திரசித்து அவனை வைது தீர்க்கும் இடத்தில் நான் எப்போதும் இந்திரசித்துப் பக்கம்தான். விபீஷணனை எனக்கு முழுசாகப் பிடித்ததே இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் இராவணன் செத்து விழுந்ததும் அதே விபீஷணன் உடல்மேல் விழுந்து அண்ணனைக் கூப்பிட்டு அழுகிறான். ஜெயித்த கட்சிக்காரன், தோற்ற வீட்டு மொழியில் அழுகிறான். வால்மீகியில் அவன் கொள்ளி வைக்கவே தயங்குவதும், மரணத்தோடு பகை முடிந்தது, இனி அவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே என்று ராமன் சொல்வதும் வருகின்றன.

ஆட்டம் ஓடாமல் நின்றிருந்த அந்த ஒரு மணி நேரத்தில், முற்றத்துப் படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார் அம்மா. பையன்கள் சத்தம் போடுவதைக் கேட்டு, "எதுக்குடா இந்தச் சண்டை?" என்றார். மருமகன் விளக்கினான். "ஒரு தம்பி அண்ணன விட்டுட்டு ஓடிவந்துட்டான் அம்மாச்சி. அவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்குறோம்."

அம்மா உருவின கீரையை முறத்தில் ஒதுக்கினார். "அண்ணன் தம்பி எல்லாரும் சண்டைக்குப் போய்ச் செத்துட்டா எள்ளும் தண்ணியும் யாருடா எறைக்கிறது? ஒருத்தன் தப்பிச்சு இருக்கணும்ல?"

அம்மா கம்பனைப் படித்தவரில்லை. ஆனால் இது அப்படியே கும்பகர்ணன் சொல். போர்க்களத்தில் தன் பக்கம் வந்துவிடும்படி அழைக்கப் போகிறான் விபீஷணன். இலங்கை அரசையே தருகிறேன் என்கிறான். கும்பகர்ணனுக்கு அண்ணன் செய்தது தப்பு என்று தெரியும். சபையிலேயே சொன்னவன். இருந்தாலும் வரமாட்டேன் என்கிறான். வளர்த்துப் போருக்கு அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுத்தாக வேண்டும். இதுவரை எல்லோருக்கும் தெரியும், பட்டிமன்றங்களில் கேட்டுச் சலித்தது. பலரும் தாண்டிப் போய்விடுவது அதற்குச் சற்று முன்னால் வருவது. தம்பியைக் களத்தில் கண்டதும் கும்பகர்ணனுக்கு வருத்தம்: நீ ஒருவனாவது தப்பினாய் என்று மகிழ்ந்திருந்தேனே, திரும்பி ஏன் வந்தாய், நாங்கள் எல்லோரும் அம்புக்கு இரையாகிப் போனால் எள்ளும் நீரும் கொடுத்துக் கடன் கழிக்க யார் இருப்பார் என்கிறான்.

விபீஷணன் துரோகியா பக்தனா என்ற கேள்வியே அந்த இடத்தில் இல்லை. வீட்டுக்கு இரண்டு கடன் இருக்கிறது. ஒன்றைச் செத்துத்தான் அடைக்க முடியும், இன்னொன்றை உயிரோடு இருந்துதான் அடைக்க முடியும். நான் அதை எடுத்துக்கொள்கிறேன், நீ இதை எடுத்துக்கொள் என்று அண்ணன் பங்கு பிரிக்கிறான். என் தாளின் மூலையில் இருந்த கட்டம் ஒருவனைத் தனியாக நிறுத்தி, உனக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறது. இந்தக் கரையில் கேட்கிற கேள்வி வேறு: யாருக்கு என்ன பாக்கி? சோற்றுக்கு, பாலுக்கு, பட்டத்துக்கு, பிணத்துக்கு. ஒரே ஆள் ஒருத்தருக்குப் பாக்கியைத் தீர்க்கும்போதே இன்னொருத்தருக்குக் கடன்காரன் ஆகிவிடுகிறான்.

அதற்காக இந்த ஊர் எல்லோரையும் மன்னித்துவிடுகிற ஊர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அக்கா வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் போனால் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம் அரண்மனை. கலெக்டர் ஜாக்சன் ஊர் ஊராக அலையவிட்ட பிறகு, 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் அவனைச் சந்தித்தது அங்கேதான். கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் செத்தான். அடுத்த ஆண்டு அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. அந்தப் போரில் கும்பினிப் பக்கம் நின்ற எட்டயபுரத்தாரின் பட்டப்பெயர் தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது. எட்டப்பன் என்று யாரையாவது கூப்பிட்டால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பக்கத்துப் பாளையக்காரனோடு அவர்களுக்கு இருந்த எல்லைத் தகராறு என்ன, எந்தப் பாக்கியைத் தீர்க்க அந்தப் பக்கம் போனார்கள் என்று எவனும் கேட்பதில்லை. ஒரே செயல், தனுஷ்கோடியில் பட்டம் கட்டிக் கோயிலில் நிறுத்தியிருக்கிறோம், இராமநாதபுரத்தில் காறித் துப்புகிறோம். போன பக்கம் தெய்வத்தின் பக்கமா கும்பினியின் பக்கமா என்பதுதான் வித்தியாசம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். தெய்வத்தின் பக்கம் எது என்பதிலேயே நமக்குள் உடன்பாடு இல்லை. புலவர் குழந்தை 1946-ல் 'இராவண காவியம்' எழுதியபோது விபீஷணன்தான் எட்டப்பன் ஆனான். 1948-ல் அரசு அந்நூலைத் தடைசெய்தது. 1971-ல்தான் தடை நீங்கியது. ஒரு கட்டத்தை மாற்றி எழுதினதற்கு இருபத்துமூன்று வருடம்.

வைகுண்ட ஏகாதசி இரவுகளில் அப்பத்தாவோடு பரமபதம் ஆடியது ஞாபகம் வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய படம், மடிப்பில் கிழிந்து பின்னால் சோற்றுப்பசை வைத்து ஒட்டியது. காய்க்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு உடைந்த வளையல் துண்டு. அதுவும் நன்மை தீமை ஆட்டம்தான், ஆனால் புளியங்கொட்டைக்கு ஒரு குணமும் கிடையாது. நல்லதும் கெட்டதும் கட்டத்தில் எழுதியிருக்கும். காய் வந்து மாட்டும். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு நீளப் பாம்பு வாயைத் திறந்து கிடக்கும். அதில் விழுந்தால் அடிமட்டம். அப்பத்தா விழும்போதெல்லாம், "போன சென்மத்துல என்ன பண்ணேனோ" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த நிமிஷம் என் காயை ஒரு கட்டம் பின்னால் தள்ளிவைப்பார். அவர் எந்தக் கட்டம் என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

இராமேசுவரத்தில் ஆனி மாதம் மூன்று நாள் ஒரு விழா நடக்கும். முதல் நாள் இராவண சம்காரம். இரண்டாம் நாள் கோதண்டராமர் கோயிலில் விபீஷணன் பட்டாபிஷேகம். மூன்றாம் நாள் இராமலிங்கப் பிரதிஷ்டை. வேறெந்த ஊரானாலும் கதை இரண்டாம் நாளோடு முடிந்திருக்கும்: கெட்டவன் செத்தான், நல்லவன் முடிசூடினான், சுபம். இந்த ஊருக்கு மூன்றாம் நாள்தான் முக்கியம். இந்த ஊரே மூன்றாம் நாளால் உண்டான ஊர். இராவணன் புலத்தியர் பேரன், பிராமணன். அவனைக் கொன்றதால் ராமனுக்குப் பிரம்மஹத்தி தோஷம் பிடித்தது என்பது தலபுராணம். கொன்றது சரி. கொல்லாமல் விட்டிருந்தால் தவறு. இருந்தும் தோஷம் வந்து ஒட்டிக்கொண்டது. கயிலாயத்துக்கு லிங்கம் கொண்டுவரப் போன அனுமன் வரப் பிந்தியதால் சீதை மணலைக் குவித்து லிங்கம் பிடித்தாள். பிந்தி வந்தவன் மனம் நோகாமல் இருக்க அவன் கொண்டுவந்த லிங்கத்துக்கே இன்றும் முதல் பூசை. அங்கேயும் ஒரு பாக்கி, அதற்கும் ஒரு கணக்கு.

சரியான காரியம் செய்தவனுக்கும் கழுவ வேண்டிய ஒன்று மிஞ்சும் என்பதை ஒன்பது கட்டத்தில் எங்கே எழுதுவது? பலடின் தீமை செய்தால் சக்தி போகும் என்று விதி இருக்கிறது. பலடின் நன்மை செய்து, அதனால் தோஷம் வந்தால்? விதி இல்லை. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தக் கரையில் விடிவதற்கு முன்பே நின்று பார்த்தவர்களுக்கு அந்த விதி எதற்கு என்று புரியும். முழங்கால் நீரில் ஆயிரக்கணக்கான பேர், உள்ளங்கையில் எள்ளும் தண்ணீரும். அவர்களில் பலர் அப்பனோடு பேசாமல் பத்து வருடம் இருந்தவர்கள். கேட்டால் சொல்வார்கள். சொல்லிவிட்டு, கை நடுங்க எள்ளை விடுவார்கள்.

ஆட்டம் எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே. கடைசியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பலடின் மனசில்லாமல்தான் சம்மதித்தான். கோட்டைக்கு ரகசிய வழி காட்டினேன். பலடின் இருபது பக்கப் பகடையை உருட்டினான், இருபதே விழுந்தது. என் அண்ணன் செத்தான். பையன்கள் கைதட்டினார்கள். கரண்ட் அந்த நேரம் பார்த்து வந்தது.

"இப்ப என்ன செய்றீங்க மாமா? கோட்டை உங்களுக்குத்தான்" என்றான் மருமகன்.

தாளைத் திருப்பிச் சாமான் பட்டியலைப் பார்த்தேன். ஐம்பது அடிக் கயிறு. தீப்பந்தம் ஆறு. எண்ணெய் ஒரு குடுவை. பத்தடிக் கம்பு ஒன்று. ஏழு நாளைக்குக் காய்ந்த ரொட்டி.

"எள்ளு இல்லையே" என்றேன்.

மூன்று பேரும் புத்தகத்தின் விலைப்பட்டியலைப் புரட்டினார்கள். மிளகு இருந்தது, கிராம்பு இருந்தது, குங்குமப்பூகூட இருந்தது. மருமகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி, கரையில ஒரு கெழவி வித்துக்கிட்டு இருக்கு. ஒரு செப்புக் காசு குறைச்சுக்கங்க."

"கறுப்பு எள்ளான்னு கேட்டு வாங்கச் சொல்லு" என்றார் அம்மா, கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.